மாயவனின் இரண்டாவது கோட்டிங்

மரக்காணம் உப்பளத்தில் மாயவன் என்று விசாரித்தால், "எந்த மாயவன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெயிண்ட்டு மாயவன் என்றால்தான் கை நீளும். இத்தனைக்கும் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில் இல்லை. கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைக்கிற ஆயில் எஞ்சின்களை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறவர் அவர். அளத்தில் பதினொரு எஞ்சின் இருந்தது. பதினொன்றும் ஓடியது. பதினொன்றும் காவிச் சிவப்பாக இருந்தது.

அந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு.

அவருக்குக் கல்யாணமானபோது மனைவி பாஞ்சாலை பிறந்த வீட்டுச் சீராக ஓர் இரும்பு பீரோ கொண்டுவந்தாள். வானூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்துப் பெண். உப்புக் காற்று என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது வருஷம் பீரோவின் காலைத் துரு தின்றது. மூன்றாவது வருஷம் கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வந்தது. பாஞ்சாலை அந்தக் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அழுதாள். செத்துப்போன அப்பா வாங்கிக் கொடுத்தது அது. மாயவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு டப்பா ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாங்கி வந்தார். துருவைத் தேய்த்து, கைப்பிடியைப் பொருத்தி, இரண்டு கோட்டிங் அடித்தார். பாஞ்சாலை அழுகையை நிறுத்திவிட்டு, "சாமான் வெக்கிறதுக்குள்ள காயுமா?" என்று கேட்டாள். அவர்கள் வாழ்க்கையில் காதல் வசனம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

அன்றிலிருந்து அவர் கை நிற்கவில்லை. பீரோ, கட்டில், சன்னல் கம்பி, வாளி, அளத்துப் பெண்களின் உப்புக் கூடை எல்லாம் சிவந்தன; அரிவாள்மனையில் கட்டை மட்டும் தப்பியது. தெருக்கதவின் தாழ்ப்பாளுக்கு வருஷா வருஷம் கோட்டிங் ஏறி, இப்போது அது துளைக்குள் போவதில்லை. அதனால் அவர்கள் வீட்டைப் பூட்டுவதில்லை. "களவாட வர்றவன் புடவையில பெயிண்ட்டு ஒட்டிக்கும்னு பயந்து வர்றதில்ல" என்பாள் பாஞ்சாலை. களவாட வருகிறவன் ஏன் புடவையில் வருகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

கடல் உள்ளே வந்து போன மூன்றாம் மாதம், 2005 மார்ச்சில், ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு வண்டி கொடுத்தது. பைக் மாதிரி ஹேண்டில்பார், ஆனால் நாலு சக்கரம். சக்கரம் ஒவ்வொன்றும் பூசணிக்காய்போல உப்பியிருக்கும். சேறு, மணல், வரப்பு எதிலும் ஏறும். பெண்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் தவக்களை என்று பேர் வைத்தார்கள்.

தவக்களைக்கு ஒரே வேலை, குடிதண்ணீர். அளத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். ஆனால் ஒரு வாய் குடிக்க வேண்டுமென்றால் ரோட்டோரக் குழாய்க்கு இரண்டு மைல் வரப்பில் நடக்க வேண்டும். அறுபது பேருக்கான தண்ணீரைப் பெண்கள் முறைவைத்துக் குடத்தில் சுமந்தார்கள். இருபத்தைந்து வருஷம் சுமந்ததில் பாஞ்சாலைக்கு இடது முட்டி தேய்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஓர் ஆள் வேண்டும். தவக்களை வந்தபின் அதன் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர், அதில் இரண்டு பீப்பாய், அவ்வளவுதான். குடம் வீட்டில் கவிழ்ந்தது.

பெண்தான் ஓட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. சுலோசனா முன்வந்தாள். முப்பது வயது, புருஷன் இல்லை, சைக்கிள்கூட விட்டதில்லை. நாலே நாளில் வரப்பின் மேல் தவக்களையை நேர்கோடாக ஓட்டினாள். வண்டியைப் பராமரிக்கும் பொறுப்பு மாயவனுக்கு வந்தது.

மாயவனுக்குப் பெட்ரோல் எஞ்சின் மேல் மரியாதை கிடையாது. ஆயில் எஞ்சினுக்குப் பிளக் வேண்டாம், நெருப்பு வேண்டாம். உள்ளே அமுக்குகிற அமுக்கில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். "இதுக்கு ஒவ்வொரு தபாவும் ஒருத்தன் தீக்குச்சி கிழிச்சிக் குடுக்கணும்" என்று தவக்களையைப் பார்த்துச் சொல்வார். ஆனால் இரும்பு இரும்புதான். வந்த வாரமே வெளிப்புறம் முழுக்க ஒரு கோட்டிங் அடித்தார். மட்கார்டு பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது என்று சுலோசனா சொல்லிப் பார்த்தாள். "பிடிக்காதுன்னு நீ பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு அதையும் அடித்தார்.

ஜூனில், பாஞ்சாலை ஒருநாள் தானாக எழுந்து நின்றாள். கை கொடுக்கப் போன மாயவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுநாள் தவக்களையை முழுக்கக் கழற்றினார். டேங்க், சீட்டு, ஒயர், போல்ட்டு எல்லாவற்றையும் சாக்கின் மேல் பரப்பி, வண்டியின் இரும்புக் கூட்டை உப்புத்தாளால் தேய்த்து, மூலை முடுக்கு விடாமல் இரண்டாவது கோட்டிங் கொடுத்தார். போல்ட்டுகளைப் பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே முக்கி எடுத்துக் காயவைத்தார். பிறகு ஒன்று விடாமல் மாட்டினார். வண்டி முதல் அழுத்தலில் ஓடியது. அதற்குப் பின்னும் ஓடியது. இருபத்திரண்டு நாள் ஓடியது.

இருபத்துமூன்றாம் நாள், ஆடி மாதத்து வியாழக்கிழமை, இரண்டு பீப்பாய்த் தண்ணீரோடு வரப்பின் நடுவில் நின்றுவிட்டது.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் எஞ்சின் சுற்றுகிறது. லைட் எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. வண்டி மட்டும் பிடிக்கவில்லை. அறுபது பேர் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள். மாயவன் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, உப்புத் தண்ணியில எறக்கினியா?"

"இல்லண்ணா."

"எறக்காம எப்படி நிக்கும்? இவ்ளோ பெயிண்ட்டு அடிச்சி வெச்சிருக்கேன். நீ சரியா ஓட்டியிருந்தா இது நின்னுருக்குமா?"

சுலோசனா அறுபது பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹேண்டில்பாரைப் பார்த்தாள். டிரெய்லரிலிருந்து ஒரு குடத்தை எடுத்து, பீப்பாயில் முக்கி, நின்ற இடத்திலேயே எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள். மாயவனுக்கும் ஊற்றினாள். அவர் குடித்தார்.

அன்று மத்தியானமே புதுச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. கஷ்டம் தனியாக வருவதில்லை. திங்கட்கிழமை நிறுவனத்தின் அதிகாரி நேரில் வருகிறார். வண்டி பயன்பாட்டில் இல்லையென்றால் அது வேறு ஊருக்கு மாற்றப்படும். பழுதுக்கு ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமென்றால் ஓட்டுநர் மாற்றப்படுவார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பாஞ்சாலை கவிழ்த்து வைத்திருந்த குடத்தை நிமிர்த்தினாள்.

"நீ போவாத. வேற யாராவது போவட்டும்" என்றார் மாயவன்.

"முறை என்னுதுய்யா" என்றாள். அதற்குமேல் அவரோடு பேசவில்லை.

மாயவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எஞ்சின் கொட்டகை நிழலில் நிறுத்தினார். குழாய்க்குப் போகும் வரப்பு அந்தக் கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. பாஞ்சாலை வெறுங்குடத்தோடு ஒரு தடவை கடந்தாள். நிறைகுடத்தோடு ஒரு தடவை கடந்தாள். இடது காலை மடக்காமல், பக்கவாட்டில் வீசி வீசி நடந்தாள். மாயவன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிளக்கைக் கழற்றிப் புதுசு மாட்டினார். பிடிக்கவில்லை. கழற்றிய பிளக்கை ஒயர் முனையிலிருக்கும் தொப்பியில் செருகி, எஞ்சின்மேல் சாய்த்து வைத்துவிட்டு செல்ஃப் போட்டார். பிளக்கின் நுனியில் ஒரு நீலப் பொறி தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. நெருப்பு வேண்டாத எஞ்சின்களோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர், ஒரு சின்ன நெருப்புக்காகக் குனிந்து கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் ஜான்சனைக் கூப்பிட்டனுப்பினார். ஜான்சன் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வண்டியைத் தொட்டான்.

"இன்னாணா இது, பொணத்துக்கு மஞ்சத் தண்ணி ஊத்தின மாதிரி ஒரு எடம் பாக்கி இல்லாம பூசி வெச்சிருக்கீங்க?"

"ஏம்பா, உன் வண்டி உப்பளத்துல ஒரு மாசம் நிக்கட்டும். ஒயரு மட்டும்தான் மிச்சமிருக்கும். வேலையைப் பாரு."

ஹேண்டில்பாரில் எஞ்சினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் ஒயர் எங்காவது பட்டுக்கொண்டிருந்தால் நெருப்பு வராது. ஜான்சன் அதைப் பிரித்துவிட்டுப் பார்த்தான். வரவில்லை. பிளக் தொப்பியை மாற்றினான். வரவில்லை. பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலைத் தன் பைக்கிலிருந்து கழற்றி, ஒயரில் தொங்கவிட்டுப் பார்த்தான். அதுவும் வரவில்லை. கடைசியில் டேங்குக்கு அடியிலிருந்த ஒரு கறுப்பு டப்பாவைத் தட்டினான்.

"லைட்டு எரியுது, செல்ஃப் சுத்துது, நெருப்பு மட்டும் வரல. அப்போ இந்த பாக்ஸ்தாணா. நெருப்பு குடுக்கிறதே இவருதான். போயிட்டாரு."

"எங்க கெடைக்கும்?"

"ஜப்பான்ல."

"திங்கக்கெழமைக்குள்ள?"

ஜான்சன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மாயவன் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் அறுபடவில்லை. எங்கும் செம்பு பச்சை பூக்கவில்லை. மெயின் ஒயர் எலி கடித்ததாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். எலியும் கைவிட்டது. நடுப்பகலில் சுலோசனா வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் தெரியலையாண்ணா?"

"பாக்கிறேன்."

"போனா போவுது உடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. கூடை தூக்கினவதான நானு. மறுபடியும் தூக்கறேன். அக்கா முட்டிதான்..." என்று நிறுத்தினாள். வரப்பில் பாஞ்சாலை நிறைகுடத்தோடு வந்துகொண்டிருந்தாள். சுலோசனா ஓடிப்போய்க் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மாயவன் கண்ணைத் துடைத்தார். பெட்ரோல் வாடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று டேங்க் காலியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அளத்தில் ஆள் குறைவு. மாயவன் காலையிலேயே ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டினார். ஒன்றைப் பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டினார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டார். பேட்டரியின் மைனஸ் எஞ்சினுக்கும் கூட்டுக்கும் போவதால், வண்டியின் இரும்பில் எங்கே வைத்தாலும் பல்பு எரிய வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று நாளாக முறைத்துப் பார்த்ததில் வண்டியே சொல்லியது.

கூட்டின் மேல் ஒயரை வைத்தார். எரியவில்லை. தள்ளி வைத்தார். எரியவில்லை. முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். பல்பு போயிருக்கும் என்று பேட்டரியிலேயே வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. எரிச்சலில் ஒயரைக் கீழே விட்டார். அது சரிந்து டிரெய்லர் மாட்டும் கொக்கியில் பட்டது. பல்பு எரிந்தது.

அந்தக் கொக்கி அவருடைய அவமானம். டிரெய்லர்ச் சங்கிலி உரசி உரசி அங்கே மட்டும் பெயிண்ட் நிற்பதில்லை. நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். ஒயரை அங்கே வைத்தார். எரிந்தது. ஒரு சாண் தள்ளி, இரண்டு கோட்டிங் பளபளக்கிற இடத்தில் வைத்தார். அணைந்தது. வைத்தார். எரிந்தது. தள்ளினார். அணைந்தது. பதினைந்து தடவை இப்படிச் செய்தார். பதினைந்து தடவையும் பல்பு ஒரே பதிலைச் சொன்னது.

டேங்கைத் தூக்கினார். கறுப்பு டப்பாவுக்கும் காயிலுக்கும் சேர்த்து ஒரு பச்சை ஒயர், அதன் முனையில் ஒரு வளையம், அதை ஒரு போல்ட்டு கூட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. எர்த் ஒயர். லைட்டுக்கும் செல்ஃபுக்கும் வேறு வழி இருந்தது. நெருப்புக்கு இந்த ஒரு வழிதான். வளையத்துக்கு அடியில் இரண்டு கோட்டிங். போல்ட்டோ டப்பாவில் முக்கி எடுத்த போல்ட்டு. முறுக்கியபோது மரை உரசி எங்கோ ஒரு மயிரிழை இரும்பு தொட்டிருக்கிறது. அந்த மயிரிழையில் இருபத்திரண்டு நாள் வண்டி ஓடியிருக்கிறது. பிறகு உப்புக் காற்று அந்த மயிரிழையையும் தின்றுவிட்டது. அந்தக் கொக்கியைத் தவிர அவரிடமிருந்து தப்பிய ஒரே இடம் அது. அதைத்தான் துரு கண்டுபிடித்திருக்கிறது.

மாயவன் போல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழற்றியாகிவிட்டது, இனி சுரண்ட வேண்டும். வாழ்நாளில் அவர் பூசியிருக்கிறார். சுரண்டியதில்லை. துருவைச் சுரண்டுவது வேறு. இது நல்ல பெயிண்ட். ஓர் இடத்திலும் குமிழ் இல்லை.

வரப்பில் காலடி கேட்டது. பாஞ்சாலை. நிறைகுடம். மூன்று நாளாகப் பேசாதவள், புருஷன் போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்து நின்றாள். இப்படி மடியில் ஓர் இரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

"இன்னாய்யா?"

"பெயிண்ட்டுதான்."

"இன்னா பெயிண்ட்டு?"

"நான் அடிச்ச பெயிண்ட்டுதான். அதுல கரண்ட்டு போவாது. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

பாஞ்சாலை குடத்தை இறக்கினாள். இறக்கும்போது முட்டி சடக்கென்று ஒரு சத்தம் போட்டது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"சொரண்டினா ஓடுமா?"

"ஓடும்."

"அப்புறம் இன்னாத்துக்கு மோட்டுவளையைப் பாத்துக்கினு குந்தியிருக்க? சொரண்டு."

கத்தியை எடுத்தார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினார். வளையத்தைத் தேய்த்தார். போல்ட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். மாட்டி இறுக்கினார். பிளக்கை வெளியே சாய்த்து வைத்து, "பட்டனை அழுத்து" என்றார். பாஞ்சாலை அழுத்தினாள். நீலமாக ஒரு பொறி, கடுகு அளவு, டிக் டிக் என்று தெறித்தது. இருவரும் அதைக் கார்த்திகைத் தீபம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"இத்தினிக்கூண்டுதானா?" என்றாள் பாஞ்சாலை.

டேங்கையும் பிளக்கையும் மாட்டி, பெட்ரோல் ஊற்றியதும் தவக்களை பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு சுலோசனா வந்தாள். மாயவன் தலை நிமிராமல் சாவியை நீட்டினார். என்ன கோளாறு என்று அவள் கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். பாஞ்சாலை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அன்று ராச்சோறு வரை கூடவே வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நிவேதா ஜீப்பில் வந்து இறங்கினார். தவக்களை இரண்டு பீப்பாயோடு வரப்பில் வந்தது. சுலோசனா ஓட்டினாள். அறுபது பேரும் பார்த்தார்கள். நிவேதா புன்னகை செய்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"போன வாரம் நாலு நாள் வண்டி நின்னுச்சுன்னு சொன்னாங்க. காரணம் எழுதணும். ஓட்டுநர் கவனக்குறைவா, பாகம் தேஞ்சுதா?"

சுலோசனா எஞ்சினை நிறுத்தினாள். வியாழக்கிழமை வரப்பில் நின்ற அதே ஆட்கள், ஏறக்குறைய அதே வரிசையில் நின்றார்கள். பாகம் தேய்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. பாகம் மறுத்துப் பேசாது.

"மூணாவதா ஒண்ணு இருக்குதா மேடம்?" என்றார் மாயவன்.

"மற்றவைன்னு இருக்கு."

"அதுல எழுதிக்கோங்க. பெயிண்ட்டு."

"பெயிண்ட்டா?"

"எர்த் ஒயருக்கு அடியில பெயிண்ட்டு. ரெண்டு கோட்டிங். அடிச்சவன் மாயவன். ஓட்டினவ மேல ஒரு தப்பும் இல்ல. அத தனியா எழுதுங்க." பிறகு வரப்பின் பக்கம் திரும்பி, கூட்டத்துக்குச் சொல்வதுபோலக் குரலைக் கூட்டினார். "உப்புத் தண்ணியில இந்தப் பொண்ணு எறக்கல. நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன்."

வரப்பில் யாரோ ஒருத்தி, "அப்போ எங்க கூடைக்கு அடிச்ச பெயிண்ட்டு?" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு பாத்திக்குப் பாத்தி தாண்டிப் போனது. நிவேதா எழுதிக்கொண்டிருந்தார். 'கோட்டிங்' என்பதை ஒருமுறை அடித்துத் திருத்தினார். சுலோசனா சிரிக்கவில்லை. பீப்பாயிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு மாயவனிடம் நீட்டினாள். வியாழக்கிழமை போலவே அவர் குடித்தார். இந்தத் தடவைதான் தண்ணீர் உள்ளே இறங்கியது.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை பீரோவின் முன்னால் நின்று கேட்டாள். "இதையும் சொரண்டணுமா?"

"பீரோவுல கரண்ட்டு ஓடலையே."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

மாயவன் பெயிண்ட்டை விட்டுவிட்டார் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. ஆவணியிலேயே தவக்களைக்கு மூன்றாவது கோட்டிங் அடித்தார். டேங்குக்கு அடியில் அந்த ஒரு ரூபாய் அகலத்தை மட்டும் விட்டு, அதன் மேல் கிரீஸ் தடவினார்.

அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. பதினொரு எஞ்சினுக்கும் தவக்களைக்கும் மாலை போட்டார்கள். பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வண்டியைச் சூழ்ந்து, கண்ணில் பட்ட போல்ட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். பூசைக்காக டேங்கைத் தூக்கிவைத்திருந்த மாயவன், உள்ளங்கையால் ஓர் இடத்தை மூடிக்கொண்டு நின்றார்.

"அங்க வெக்காதீங்க. எங்க வேணும்னா வெய்யிங்க. அங்க மட்டும் வேணாம்."

"அதுதாண்ணா முக்கியமான எடம்" என்றாள் சுலோசனா.

"அதனாலதான் சொல்றேன்."

சுலோசனா குனிந்து பார்த்தாள். கை நகர்வதாக இல்லை. சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, அவருடைய புறங்கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போனாள். பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் அணைகிறவரை மாயவன் அந்தக் கையை எடுக்கவில்லை.